நேரசூசியை போட்டோவா போடாதேங்கோ, டேபிளா போடுங்கோ

கொழும்பில வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஏஎல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டு ஆக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, வட்ஸ்அப்பில வாற கிளாஸ் நேரசூசி முக்கால்வாசி போட்டோதான். ஆரோ எக்செல்ல அடிச்சு, பிரிண்ட் எடுத்து, அந்தப் பிரிண்டை போனால படம் பிடிச்சு, அது நாலு குரூப் தாண்டி எங்கட கைக்கு வரேக்க எழுத்தெல்லாம் கரைஞ்சு போயிருக்கும். சரி, வட்ஸ்அப்பில அப்பிடி வாறதை விடுவம். அதே போட்டோவைத் தூக்கி வெப்சைட்டிலயும் போடுறாங்கள் பாருங்கோ, அதுதான் எனக்குத் தாங்கேலாம இருக்கு. வெப் பேஜ் எழுதுற மொழியான எச்டிஎம்எல்ல அட்டவணைக்கு எண்டு தனியா டேக் (இது என்ன சாமான் எண்டு பிரவுசருக்குச் சொல்ற குறி) இருக்கு, பட்டியலுக்கு எண்டு தனியா டேக் இருக்கு, ரெண்டும் முப்பது வருசமா இருக்கு, பிறகேன் படம்?

2022ல கரண்ட் கட் நடந்த காலத்தை நினைச்சுப் பாருங்கோ. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்தம். ஏ, பி, சி எண்டு குரூப் பிரிச்சு ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு நேரம், அந்த அட்டவணை எங்கட கைக்கு வந்ததெல்லாம் படமா. சார்ஜ் இறங்கின போனில, டேட்டா மெதுவா ஓடேக்க, படத்தைப் பெருசாக்கி, எங்கட குரூப் எந்த நிரையில இருக்கு எண்டு விரலால தள்ளித் தள்ளித் தேடின ஆக்கள் எத்தினை பேர். அது எழுத்தா, உண்மையான டேபிளா வந்திருந்தா சைஸும் சின்னன், குரூப் பேரை அடிச்சுத் தேடியிருக்கலாம், அம்மாவுக்கு அந்த ஒரு நிரையை மட்டும் கொப்பி பண்ணி அனுப்பியிருக்கலாம். படத்தில இது ஒண்டும் ஏலாது.

நான் வெப்சைட் செய்து குடுக்கிற வேலையில இருக்கிறன், சின்னச் சின்ன இடங்களுக்குத்தான் கூட, டியூஷன் இன்ஸ்டிடியூட், கோயில், கேட்டரிங் செய்யிற ஆக்கள். இந்த வேலையில நான் திருப்பித் திருப்பிச் சொல்ற விசயம் ஒண்டுதான்: டேபிளும் லிஸ்டும் பேஜை வடிவாக்குறதுக்கு வந்த சாமான் இல்ல, எது எதோட சேர்ந்தது எண்டு சொல்றதுக்கு வந்தது. வியாழக்கிழமைக்கும் 4.30க்கும் இரசாயனவியலுக்கும் ஒரு தொடர்பு இருக்கு, அந்தத் தொடர்பை எழுதி வைக்கிறதுதான் டேபிள். கோடு, கலர், இடைவெளி எல்லாம் அதுக்குப் பிறகு, தோற்றத்தைச் சொல்ற மொழியான சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நேரசூசியை எடுத்து வடிவாப் பார்ப்பம். மேல முதல் நிரையில நாட்கள், இடப்பக்கம் முதல் நிரல்ல நேரம், நடுவில பாடங்கள். இதை எழுதேக்க டேபிள் எண்ட டேக்கைத் திறந்த உடனே முதல்ல கேப்ஷன் வரோணும், வேற எதுக்கும் முதல். கேப்ஷன்ல "2026 ஏஎல் பிரிவு, வார நாள் வகுப்புகள்" எண்ட மாதிரி ஒரு வரி. கனபேர் இதை விட்டிட்டு மேல ஒரு தலைப்பைப் போட்டு, இல்லாட்டி தடிப்பா ஒரு பரகிராப் எழுதி விடுறவை, ஆனா அந்தப் பரகிராப்புக்கும் டேபிளுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது, பேஜில நாலு டேபிள் இருந்தா எது எந்த பேட்ச் எண்டு மெஷினுக்குத் தெரியாது. பிறகு தலைப்புப் பகுதிக்கு டிஹெட், அதுக்குள்ள நிரைக்கு எண்டு ஒரு டிஆர், அந்த நிரையில இருக்கிற எல்லா செல்லும் டிஎச். இதுதான் ஹெடர் செல். ஒவ்வொண்டுக்கும் ஸ்கோப் எண்டு ஒரு ஆட்ரிபியூட் (டேக்கோட சேர்த்து எழுதுற குறிப்பு) குடுத்து அதுக்கு "கோல்" எண்டு வெலியூ போடோணும், அதாவது இந்தத் தலைப்பு தனக்குக் கீழ இருக்கிற நிரலுக்கு உரியது. பிறகு உள்ளடக்கத்துக்கு டிபாடி, அதில ஒவ்வொரு நிரையிலயும் முதல் செல், நேரம் இருக்கிற செல், அதுவும் டிஎச் தான், ஆனா ஸ்கோப் "ரோ". மிச்சமெல்லாம் சாதாரண டேட்டா செல். மேல இடப்பக்க மூலையில இருக்கிற செல்லை சும்மா வெறுமையா விடாம "நேரம்" எண்டு எழுதுங்கோ, அதுக்குக் கீழ இருக்கிறது எல்லாம் நேரம்தானே.

இந்த டிஎச் விசயத்தில நான் ஏன் இவ்வளவு விடாப்பிடியா நிக்கிறன் எண்டா, கொட்டாஞ்சேனையில ஒரு தம்பி இருக்கிறார், கண் பார்வை இல்ல, லப்டொப்பில என்விடிஏ எண்ட ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில இருக்கிறதைச் சத்தமா வாசிக்கிற சாமான், போட்டுப் படிக்கிறவர். காசில்லாத சொஃப்ட்வெயார், ஓப்பின் சோர்ஸ், அவுஸ்திரேலியாவில மைக்கேல் கரன் 2006ல தொடங்கினது, அவருக்கும் பார்வை இல்ல. அதோட சேர்ந்து வாற ஈஸ்பீக் எண்ட குரல் தமிழும் வாசிக்கும். அந்தக் குரல் கொஞ்சம் ரோபோ மாதிரித்தான், ஆனா தம்பி அதை எங்களுக்கு ஒண்டும் விளங்காத ஸ்பீட்ல வைச்சுக் கேப்பார்.

ஒருக்கா அவர் பக்கத்தில இருந்து பார்த்தனான். கீபோர்ட்ல டி எண்ட எழுத்தை அமத்தினார், நேரா அடுத்த டேபிளுக்குப் போச்சு, கேப்ஷனை வாசிச்சுது, எத்தினை நிரை எத்தினை நிரல் எண்டு சொல்லிச்சுது. பிறகு கண்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் பிடிச்சுக்கொண்டு அம்புக்குறியால வலப்பக்கம் போறார், ஒவ்வொரு செல்லுக்கும் போகேக்க முதல் "வியாழன்" எண்டு தலைப்பைச் சொல்லிப்போட்டு "இரசாயனவியல்" எண்டுது. கீழ இறங்கினா "பின்னேரம் 4.30" எண்டு நேரத்தைச் சொல்லுது. அந்தப் பேஜில டிஎச்சும் ஸ்கோப்பும் ஒழுங்கா இருந்தபடியாத்தான் அது. அடுத்ததா இன்னொரு இன்ஸ்டிடியூட்டிண்ட பேஜைத் திறந்தார், பார்க்க அச்சொட்டா அதே மாதிரி நேரசூசி, இன்னும் சொல்லப்போனா அதைவிட வடிவு, ஆனா எல்லா செல்லும் டேட்டா செல், தலைப்பு எல்லாம் வெறும் போல்ட். "அக்கா, இதில இரசாயனவியல் எண்டு மட்டும்தான் சொல்லுது, எந்த நாள் எண்டு தெரிய நான் திரும்பி மேல போய் எண்ணி எண்ணி வரோணும்" எண்டார். அதுக்கும் அடுத்தது படமா போட்ட நேரசூசி, அதில "கிராஃபிக்" எண்ட ஒரு சொல்லோட முடிஞ்சுது. அவ்வளவுதான். தம்பி ஆரையும் குறை சொல்லேல்ல, வழமையான விசயம் மாதிரி அடுத்த பேஜுக்குப் போட்டார், எனக்குத்தான் மனசு கேக்கேல்ல.

பார்வை இருக்கிற ஆக்களுக்கும் இதே டேக் தான் உதவி. ஒழுங்கான டேபிளை மவுஸால இழுத்துக் கொப்பி பண்ணி எக்செல்ல போட்டா செல் செல்லா விழும். கூகிள் ஷீட்ஸ்ல இம்போர்ட்எச்டிஎம்எல் எண்டு ஒரு ஃபங்ஷன் இருக்கு, வெப் அட்ரஸைக் குடுத்து டேபிள் வேணுமோ லிஸ்ட் வேணுமோ எண்டு சொல்லி, பேஜில எத்தினையாவது எண்டும் சொன்னா தானே அள்ளிக்கொண்டு வரும். அது கேக்கிற ரெண்டே ரெண்டு வகையைப் பாருங்கோ, டேபிள், லிஸ்ட். டிவ் எண்ட பொதுப் பெட்டி டேக்கை அடுக்கிக் கட்டம் மாதிரிக் காட்டினதை அதால எடுக்க ஏலாது.

அந்த டிவ் பழக்கம் எங்க இருந்து வந்தது எண்டதுக்கு ஒரு கதை இருக்கு, கொஞ்சம் சொல்லோணும். வெப்பை உருவாக்கின டிம் பேர்னர்ஸ் லீ 1991ல எழுதின முதல் டேக் பட்டியல்ல புள்ளி லிஸ்ட் இருந்தது, சொல்லும் விளக்கமும் எழுதுற லிஸ்ட் இருந்தது, டேபிள் இல்ல. 1995ல வந்த நெட்ஸ்கேப் 1.1 பிரவுசர் டேபிளைக் காட்டத் தொடங்கிச்சுது, 1996 மே மாசம் டேவ் ராகெட் எழுதின, டேபிள் பற்றின தொழினுட்ப ஆவணம் ஆர்எஃப்சி 1942 வந்தது, 1997 ஜனவரியில எச்டிஎம்எல் 3.2வோட டேபிள் ஸ்டாண்டர்டுக்குள்ள வந்திட்டுது. அந்த நேரம் பேஜை ரெண்டு பக்கமாப் பிரிக்கிறதுக்கு வேற நல்ல வழி இல்ல, சிஎஸ்எஸ் 1996 டிசம்பர்ல வந்தாலும் பிரவுசர் ஒண்டும் அதை ஒழுங்கா ஏற்கேல்ல, அதால டிசைன் செய்யிற ஆக்கள் எல்லாரும் கோடு தெரியாத டேபிளுக்குள்ள முழு பேஜையும் போட்டு, டேபிளுக்குள்ள டேபிள், அதுக்குள்ள இன்னொரு டேபிள் எண்டு கட்டினவை. பிறகு சிஎஸ்எஸ் சரியா வேலை செய்யத் தொடங்கின உடனே "லேயவுட்டுக்கு டேபிள் பாவிக்காதேங்கோ" எண்டு எல்லாரும் சொல்லத் தொடங்கினவை, அது சரியான பேச்சு. ஆனா அது கைமாறிக் கைமாறி வரேக்க முன்னால இருந்த "லேயவுட்டுக்கு" எண்டது கழண்டு விழுந்து "டேபிள் பாவிக்காதேங்கோ" மட்டும் மிஞ்சிட்டுது. இப்ப இன்டர்ன்ஷிப்புக்கு வாற பெடியள் நேரசூசியைக்கூட டிவ்வால கிரிட் போட்டுக் காட்டுறாங்கள், கேட்டா டேபிள் பழசு எண்டுறாங்கள். டேட்டாவுக்கு டேபிள் அண்டைக்கும் சரி, இண்டைக்கும் சரி. மெயில்ல அனுப்புற நியூஸ்லெட்டர் மட்டும் விதிவிலக்கு, ஏனெண்டா விண்டோஸ்ல இருக்கிற கிளாசிக் அவுட்லுக் 2007ல இருந்து மெயிலை வேர்ட்ட இன்ஜினால காட்டுது, அதுக்கு இப்பவும் லேயவுட்டுக்கு டேபிள்தான் பிடிபடும், அப்பிடிப் போட வேண்டி வந்தா அந்த டேபிளுக்கு ரோல் எண்ட ஆட்ரிபியூட்டில பிரசன்டேஷன் எண்டு குடுத்து விடுங்கோ, ஸ்கிரீன் ரீடர் அதை டேபிள் எண்டு அறிவிக்காது.

ஏஎல் ஐசிடி படிக்கிற பிள்ளையளுக்கு டேபிள் எண்டா பக்கத்துச் செல்லைச் சேர்க்கிற கோல்ஸ்பானும் கீழ்ச் செல்லைச் சேர்க்கிற ரோஸ்பானும்தான் முதல்ல ஞாபகம் வாறது, படத்தில ஒரு டேபிளைக் காட்டி அதுக்கு கோட் எழுதச் சொல்றதுதானே பயிற்சி. படிக்கத்தான் வேணும். ஆனா வெளியில வேலை செய்யேக்க ரோஸ்பானை நான் கூடியவரைக்கும் தவிர்க்கிறன். கோயில் திருவிழா அட்டவணையை எடுங்கோ: திருவிழா நாள், காலைப் பூசை, மாலைப் பூசை, உபயம். ரெண்டு நாள் உபயம் ஒரே குடும்பம் எண்டா அந்த ரெண்டு செல்லையும் சேர்த்து ஒண்டாக்கத்தான் கை போகும், பேப்பர்ல நோட்டீஸ் அடிக்கேக்க அது வடிவாவும் இருக்கும். வெப்பில அப்பிடிச் சேர்த்தா ரெண்டாவது நாள் நிரையில ஒரு செல் குறையுது, எக்செல்ல கொண்டுபோனா முதல் நாளுக்கு மட்டும் பேர் நிக்குது, நாள்வாரியா அடுக்கிப் பார்க்க ஏலாது, அடுத்த வருசம் உபயம் மாறினா திருத்துற ஆள் எண்ணிக்கையில பிசகினா முழு டேபிளும் ஒரு செல் தள்ளிப் போயிடும். ஆகையால உபயகாரர் பேரை ரெண்டு நிரையிலயும் முழுசா எழுதிவிடுங்கோ. ஐயர்ட்ட சொல்லிப் பாருங்கோ, பேர் ரெண்டு தரம் வந்தா உபயகாரருக்கும் சந்தோசம்தான்.

எக்செல், வேர்ட்டில இருந்து அப்பிடியே பேஸ்ட் பண்ற விசயத்திலயும் கவனம் வேணும். எங்கட இடங்கள்ல இப்பவும் கன ஆவணம் பாமினி ஃபொன்டில இருக்கு. யுனிகோட் (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி இலக்கம் குடுக்கிற பொது முறை) இல்லாத ஃபொன்ட் அது, உள்ளுக்குள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ் உருவம். வேர்ட்டில தமிழாத் தெரிஞ்ச டேபிள் வெப்பில விழுந்த உடனே இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா மாறும், கண்டபடி ஸ்டைலும் கூடவே வந்து ஒட்டும். முதல்ல யுனிகோடுக்கு மாத்துங்கோ, பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், வி அமத்தி வெறும் எழுத்தா பேஸ்ட் பண்ணி, டேக்கை நீங்களே போடுங்கோ.

இனி தமிழுக்கு எண்டே வாற பிரச்சினை. இது இங்கிலீஷ் டியூட்டோரியல் ஒண்டிலயும் இருக்காது, ஆனா கொழும்பில மூண்டு மொழியில சைட் செய்யிற எல்லாருக்கும் தெரியும், தமிழ்ப் பக்கம் வரேக்கதான் கட்டம் உடையும். ஐசிடி எண்டு இங்கிலீஷ்ல மூண்டெழுத்து, தமிழ்ல "தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்". டேபிளிண்ட வழமையான கணக்கு என்ன எண்டா ஒரு நிரல் அதிலயே நீளமான சொல்லைவிட ஒடுங்காது. "தொழினுட்பவியல்" ஒரு நிரல்ல, "இரசாயனவியல்" ஒரு நிரல்ல, "பௌதிகவியல்" இன்னொண்டில, "இணைந்த கணிதம்" இன்னொண்டில எண்டு வந்தா போன் ஸ்கிரீன் பத்தாது, பேஜ் முழுக்க வலப்பக்கம் இழுபடும். உடனே கூகிள்ல தேடி சிஎஸ்எஸ்ல வேர்ட் பிரேக் எண்ட பிராப்பர்ட்டிக்கு பிரேக் ஆல் எண்டு போடுவினம், அதைச் செய்யாதேங்கோ. அது இடம் போதாத இடத்தில எல்லாம் எந்தச் சொல்லையும் கண்ட இடத்தில வெட்டும், "கணி" ஒரு வரி "தம்" அடுத்த வரி. உயிர்மெய் உடையாது, "தொ" "தொ"வாத்தான் நிக்கும், ஆனா வாசிக்கிற ஆளுக்கு எரிச்சல்.

ஓவர்ஃப்ளோ ராப் எண்ட பிராப்பர்ட்டிதான் இதுக்குச் சரி, அதிலயும் "பிரேக் வேர்ட்" எண்ட வெலியூவுக்கும் "எனிவேர்" எண்ட வெலியூவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, பரகிராப்பில ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் வேலை செய்யும், டேபிள்லதான் வித்தியாசம் தெரியும். நிரல் எவ்வளவு ஒடுங்கலாம் எண்டு பிரவுசர் கணக்குப் போடேக்க "பிரேக் வேர்ட்" குடுத்ததைக் கணக்கில எடுக்காது, "எனிவேர்" குடுத்தா எடுக்கும். அதால டேபிளுக்குள்ள "எனிவேர்". எங்க வெட்டோணும் எண்டு நீங்களே சொல்ல விருப்பம் எண்டா சொல்லுக்கு நடுவில சொஃப்ட் ஹைஃபன் வைக்கலாம், "தொழினுட்ப" முடியிற இடத்தில வைச்சா இடம் காணாட்டி அங்க மட்டும் வெட்டும், இடம் இருந்தா ஹைஃபன் கண்ணுக்கே தெரியாது. பாடப் பேர் மாதிரி திருப்பித் திருப்பி வாற பத்துப் பதினைஞ்சு சொல்லுக்கு இதைச் செய்து வைக்கிறது பெரிய வேலை இல்ல, செய்தா அவ்வளவு சுத்தமா இருக்கும். லைன் ஹைட், அதாவது வரி உயரத்தையும் பாருங்கோ, இங்கிலீஷுக்குப் போட்ட 1.2ல "கூ", "ளு", "மூ" எல்லாம் கீழ் வரியில முட்டும், நான் 1.6க்குக் குறைய வைக்கிறதில்ல.

அதைவிடச் சுகமான வழி ஒண்டு இருக்கு, டேபிளைத் திருப்பிப் போடுறது. கிழமைக்கு ஏழு நாள், ஆனா ஒரு நாளைக்கு இருக்கிறது ரெண்டோ மூண்டோ வகுப்பு. நாட்களை மேல வைச்சா எட்டு நிரல். நாட்களை இடப்பக்கம் கீழ்முகமா வைச்சா நாலே நாலு நிரல், போனுக்குள்ள அடங்கும். பேப்பர்ல பழகினபடியா நாட்களை மேலதான் வைக்கோணும் எண்டு நினைக்கிறம், அப்பிடி ஒரு சட்டமும் இல்ல.

அப்பிடியும் அடங்காட்டி டேபிளை ஒரு டிவ்வுக்குள்ள வைச்சு அந்த டிவ்வுக்கு மட்டும் பக்கவாட்டில ஸ்க்ரோல் குடுங்கோ, டேப் இன்டெக்ஸ் பூச்சியமும் குடுங்கோ, கீபோர்ட் பாவிக்கிற ஆக்களும் தள்ளிப் பார்க்கலாம். டேபிளுக்கே நேரடியா டிஸ்ப்ளே பிளாக் போட்டு ஸ்க்ரோல் ஆக்கிற ஒரு குறுக்கு வழி சுத்தித் திரியுது, அது சில பிரவுசர்ல டேபிள் எண்ட அடையாளத்தையே அழிச்சுப்போடும், பிறகு கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு டி அமத்தினாலும் டேபிள் வராது. தள்ளேக்க நேரம் இருக்கிற முதல் நிரல் அசையாம நிக்கோணும் எண்டா பொசிஷன் ஸ்டிக்கி, ஆனா பார்டர் கொலாப்ஸ் போட்டிருந்தா கோடு மட்டும் தனிய ஓடிப்போகும், பார்டரை செப்பரேட் எண்டு வைச்சு ஸ்பேசிங்கைப் பூச்சியமாக்குங்கோ.

கட்டணம் போடுற டேபிளுக்கு ரெண்டு வார்த்தை. காசு எப்பவும் வலப்பக்கம் ஒதுங்கி நிக்கோணும், 12,500க்குக் கீழ 8,000 வந்தா ஒண்டாம் தானத்துக்குக் கீழ ஒண்டாம் தானம். டேபியுலர் நம்ஸ் எண்டு ஃபொன்டுக்குச் சொன்னா எல்லா இலக்கமும் ஒரே அகலம். "ரூபா" எண்டதை ஒவ்வொரு செல்லிலயும் எழுதாம தலைப்பில ஒருக்கா எழுதுங்கோ. இதில ஒரு சின்னப் பொறி, நிரலைக் குறிக்கிற கோல் எண்ட டேக்கைப் போட்டு அதுக்கு டெக்ஸ்ட் அலைன் குடுத்தா முழு நிரலும் வலப்பக்கம் போகும் எண்டு தோணும், போகாது, அந்த டேக் அகலம், பின்னணிக் கலர் மாதிரி ஒரு சில விசயத்தைத்தான் கேக்கும், ஏனெண்டா செல்லெல்லாம் டிஆருக்குள்ள இருக்கிற பிள்ளையள், கோலுக்குள்ள இல்ல. அதே காரணத்தாலதான் மூண்டு மொழி டேபிள்ல மொழியைச் சொல்ற லாங் ஆட்ரிபியூட்டையும் செல் செல்லாத்தான் குடுக்கோணும், சிங்களச் செல்லுக்கு எஸ்ஐ, தமிழ்ச் செல்லுக்கு டிஏ. இது சலிப்பான வேலைதான், ஆனா குடுத்தாத்தான் ரீடர் குரலை மாத்தும்.

லிஸ்டுக்கு வருவம். லிஸ்ட் சுகம் எண்டு எல்லாரும் நினைக்கிறபடியா ஒருத்தரும் லிஸ்ட் டேக் போடுறதில்ல, சின்னக் கோடு ஒண்டு அடிச்சு எழுதி அடுத்த வரிக்குப் போறது, இல்லாட்டி 1, 2 எண்டு கையால அடிக்கிறது. கேட்டரிங் பேஜ் ஒண்டில ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், வடை எண்டு வரி வரியாக் கிடக்கும், எல்லாம் ஒரே பரகிராப். அதையே புள்ளி லிஸ்ட் டேக்கான யூஎல்லுக்குள்ள, ஒவ்வொரு சாமானையும் எல்ஐ எல்ஐயா எழுதினா ரீடர் "நாலு சாமான் உள்ள லிஸ்ட்" எண்டு முதலே சொல்லும், வேண்டாட்டி தாண்டிப் போகலாம். வரி நீண்டு மடங்கினாலும் ரெண்டாவது வரி புள்ளிக்குக் கீழ போகாம எழுத்துக்கு நேர நிக்கும். லிஸ்டுக்குள்ள லிஸ்ட் போடேக்க உள் லிஸ்ட் ஒரு எல்ஐக்கு உள்ளுக்குத்தான் இருக்கோணும், ரெண்டு எல்ஐக்கு நடுவில தனிய இருக்கக் கூடாது, பிள்ளையள் சோதினையில இதைக் கவனியுங்கோ.

இலக்கம் போடோணுமோ புள்ளி போடோணுமோ எண்டதுக்கு நான் பாவிக்கிற சோதனை இதுதான், வரிசையைக் குழப்பினா பிழையாகுமோ எண்டு பாருங்கோ. ரோல்ஸும் கட்லட்டும் இடம் மாறினா ஒண்டும் ஆகாது. கோட்டையில ட்ரெயின் ஏறினா கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, இதில ஒண்டு மாறினாலும் பொய். இதுக்கு இலக்க லிஸ்ட் டேக்கான ஓஎல். நடுவில ஒரு பரகிராப் வந்து பிறகு இலக்கம் தொடரோணும் எண்டா ஸ்டார்ட் எண்ட ஆட்ரிபியூட் இருக்கு, எச்டிஎம்எல் 4ல இது பாவிக்க வேண்டாம் எண்டு ஒதுக்கி வைச்சதை 2014ல ஸ்டாண்டர்டான எச்டிஎம்எல் 5 திரும்ப எடுத்தது. ரிவர்ஸ்ட் எண்டும் ஒண்டு இருக்கு, ஆனா அது இலக்கத்தைத்தான் தலைகீழா எண்ணும், கல்கிசையைத் தூக்கி மேல வைக்காது, அதை நீங்கள்தான் செய்யோணும்.

மூண்டாவது வகை, சொல்லும் விளக்கமும் எழுதுற டிஎல், ஒருத்தரும் தேடாத பிள்ளை, எனக்கு மிச்சம் பிடிச்சது. அரங்கேற்ற அழைப்பிதழ் ஒண்டை வெப்பில போடோணும்: திகதி, நேரம், இடம், பிரதம விருந்தினர். பேர் ஒரு பக்கம், அதுக்குரிய விசயம் ஒரு பக்கம். ரெண்டு நிரல் டேபிள் தேவையில்ல, புள்ளி லிஸ்டும் பொருந்தாது, டிஎல் அச்சா இதுக்கு எண்டு செய்தது. ஒவ்வொரு சோடியையும் ஒரு டிவ்வுக்குள்ள வைக்கிறதுக்கும் இப்ப அனுமதி இருக்கு, அதால சிஎஸ்எஸ்ல பக்கம் பக்கமா வைக்கிறதும் லேசு.

எங்கட பள்ளிக்கூடத்து வினாத்தாள் எல்லாத்திலயும் (அ), (ஆ), (இ) எண்டுதானே வரும், வெப்பில அதைக் கையால அடிக்கத் தேவையில்ல. சிஎஸ்எஸ்ல கவுண்டர் ஸ்டைல் எண்டு ஒரு விதி இருக்கு, சிஸ்டம் ஃபிக்ஸ்ட் எண்டு போட்டு, சிம்பல்ஸ் எண்டதில அ முதல் ஔ வரைக்கும் பன்னிரண்டு எழுத்தையும் குடுத்து, முன்னால ஒரு அடைப்பு, பின்னால ஒரு அடைப்பு எண்டு சொல்லிவிட்டா ஓஎல் தானா (அ), (ஆ) எண்டு எண்ணும், பதின்மூண்டாவது வந்தா சாதாரண இலக்கத்துக்கு மாறும். நடுவில ஒரு கேள்வியை எடுத்தாலும் மிச்சம் தானே சரியாகும், கையால அடிச்ச தாள்ல கடைசி நேரத்தில ஒரு கேள்வியை வெட்டின ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கோ அதிண்ட அருமையை. ஃபயர்ஃபொக்ஸ்ல கன காலமா இருக்கு, குரோம் 91ல வந்தது, சஃபாரி 17ல வந்தது, அதால இனிப் பயப்பிடாமப் பாவிக்கலாம். தமிழ் இலக்கம் வேணும் எண்டாலும் வழி இருக்கு, லிஸ்ட் ஸ்டைல் டைப்புக்கு தமிழ் எண்டு குடுத்தா ௧, ௨, ௩ எண்டு வரும். ஆனா பத்து வரேக்க ௧௦ எண்டுதான் எழுதும், பழைய முறையில பத்துக்கு எண்டு இருக்கிற ௰ வராது. கல்வெட்டு, ஏட்டுச்சுவடி பற்றி எழுதுற ஆக்களுக்கு இது பெரிய வித்தியாசம், அவை தங்கட கவுண்டர் ஸ்டைலைத் தாங்களே எழுதிக்கொள்ளட்டும், அடிட்டிவ் எண்ட சிஸ்டம் அதுக்குத்தான் இருக்கு.

புள்ளி வேண்டாம் எண்டு லிஸ்ட் ஸ்டைலை நன் ஆக்கிற ஆக்களுக்கு ஒண்டு, சஃபாரியில அப்பிடிச் செய்தா ஆப்பிளிண்ட ஸ்கிரீன் ரீடரான வொய்ஸ்ஓவர் அதை லிஸ்ட் எண்டே சொல்லாது. ரோல் லிஸ்ட் எண்டு யூஎல்லுக்குக் குடுத்து விடுங்கோ, சரியாயிடும்.

பிரிண்ட் விசயத்தைச் சொல்லாம விட ஏலாது, ஏனெண்டா எங்கட அம்மாமார் இப்பவும் நேரசூசியை கொமியூனிகேஷன் கடையில பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில ஒட்டுறவை. டிஹெட் ஒழுங்காப் போட்டிருந்தா டேபிள் ரெண்டு மூண்டு தாளுக்கு நீண்டாலும் ஒவ்வொரு தாள்லயும் தலைப்பு நிரை திரும்ப வரும். டிஆருக்கு பிரேக் இன்சைட் அவொய்ட் குடுத்தா ஒரு நிரை பாதி இந்தத் தாள்ல பாதி அடுத்த தாள்ல எண்டு கிழியாது. கலரை மட்டும் நம்பாதேங்கோ. நீலம் பௌதிகவியல், பச்சை இரசாயனவியல் எண்டு கட்டத்துக்கு நிறம் அடிச்சுப்போட்டு கீழ ஒரு மூலையில விளக்கம் எழுதுற வழக்கம் ஒண்டு இருக்கு. பிரவுசர் பிரிண்ட் எடுக்கேக்க பின்னணி நிறத்தை விட்டிடும், ஆரும் செட்டிங்க்ஸ்ல போய் மாத்தினாலொழிய. கடைக்காரத் தம்பி கறுப்பு வெள்ளையில எடுத்துத் தருவார், முழு அட்டவணையும் வெறுங் கட்டமா வரும். பாடத்திண்ட பேரை ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எழுத்தில எழுதுங்கோ, நிறம் வேணுமெண்டா அதுக்கு மேல அடியுங்கோ.